கடல் கடந்து வந்த மரத்துக்கு மகரந்தம் சேர்ப்பது யார்?

ஏற்காடு நாகலூர் பக்கம் இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் தம்பி ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். முதல் கேள்வி இது: "தாத்தா கொட்டை போட்டு வளர்த்த வெண்ணெய்ப்பழ (அவகாடோ) மரம் ஒன்று வீட்டோரம் நிற்கிறது. வயது 12 ஆகிறது. மூன்று ஆண்டுகளாக மாசி மாதத்தில் இலை தெரியாத அளவுக்குப் பூக்கிறது, அத்தனையும் கொட்டிவிடுகிறது. போன ஆண்டு மொத்தமே நான்கு காய். அது மெக்சிகோ மரம், அந்த ஊர்த் தேனீ இங்கே கிடையாது, அதனால் காய்க்காது, வெட்டிப் போடு என்கிறார்கள். உண்மையா?" இரண்டாவது கேள்வி அதிலிருந்தே பிறந்தது: "அப்படியானால் அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த உண்ணிச்செடி மட்டும் எப்படி மலை முழுக்கப் பெருகிக் கிடக்கிறது?"

தம்பி, முதலில் அந்த மரத்தை வெட்டாதீர்கள். அதற்குக் கிடைக்காமல் போனது தேனீ இல்லை, துணை. இரண்டாவது கேள்வி இதைவிடப் பெரியது. சேலத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த காலம் முழுக்க என் மனத்தில் கிடந்த கேள்வி அது. ஆகையால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

வெண்ணெய்ப்பழப் பூவை நீங்கள் அருகில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? பச்சையும் மஞ்சளும் கலந்த, சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத பூ. ஒரே பூவுக்குள் ஆண் பகுதியும் பெண் பகுதியும் இருக்கின்றன. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. பூ இரண்டு முறை திறக்கிறது. முதல் முறை திறக்கும்போது அது பெண்: நடுவில் சூல்முடி வெள்ளையாக, ஈரமாக, மகரந்தத்துக்குக் காத்து நிற்கும். சுற்றியுள்ள மகரந்தத் தாள்கள் இதழோடு இதழாகப் படுத்துக் கிடக்கும். சில மணி நேரத்தில் பூ மூடிக்கொள்ளும். மறுநாள் மீண்டும் திறக்கும்போது அது ஆண். இப்போது தாள்கள் நிமிர்ந்து நிற்கும். மகரந்தப் பைகளில் குட்டி ஜன்னல் கதவைப் போன்ற மூடிகள் மேல்நோக்கித் திறந்துகொள்ள, அவற்றின் நுனியில் மகரந்தம் ஒட்டிக்கொண்டிருக்கும். சூல்முடியோ பெரும்பாலும் அதற்குள் வாடிப் பழுப்பேறியிருக்கும்.

ஒரு பூவில் மட்டும் இப்படி நடந்தால் பரவாயில்லை. மரத்தின் எல்லாப் பூக்களும் ஏறக்குறைய ஒரே கடிகாரத்தில் இயங்குகின்றன. இந்தக் கடிகாரத்தில் இரண்டு வகை உண்டு. ஏ வகை மரத்தில் முதல் நாள் காலையில் பூ பெண்ணாகத் திறந்து, மறுநாள் பிற்பகலில் ஆணாகத் திறக்கும். பி வகையில் முதல் நாள் பிற்பகலில் பெண், மறுநாள் காலையில் ஆண். காலையில் ஏ வகையின் பெண் பூக்கள் காத்திருக்கும்போது பி வகையில் மகரந்தம் உதிர்ந்துகொண்டிருக்கும். பிற்பகலில் முறை மாறும். ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கும் இரண்டு வகையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நாள் முழுக்கக் கொடுக்கல் வாங்கல் நடக்கும். உலகமெங்கும் கடைகளில் விற்கும் ஹாஸ் ரகம் ஏ வகை, பியூர்ட்டே பி வகை. உங்கள் தாத்தா போட்டது கொட்டை. அது எந்த வகையாகவும் இருக்கலாம். ஒற்றை மரமாக நிற்கும்வரை அது தன் மகரந்தத்தை யாருக்கும் கொடுக்க முடியாமலும், யாரிடமிருந்தும் வாங்க முடியாமலும் பூத்து உதிரும்.

அப்படியானால் அந்த நான்கு காய்? குளிர் செய்த உதவி அது. பகலும் இரவும் குளிர்ந்து கிடக்கும் நாட்களில் இந்தக் கடிகாரம் தடுமாறும். பூ திறப்பது தள்ளிப்போகும், மூடுவது தாமதமாகும், சிறிது நேரம் ஒரே மரத்தில் பெண் பூவும் ஆண் பூவும் சேர்ந்து திறந்திருக்கும். அந்த இடைவெளியில் ஒரு தேனீயோ ஈயோ நுழைந்தால் காய் பிடிக்கும். சேலத்து வெயிலில் நிற்கும் ஒற்றை மரத்தைவிட ஏற்காட்டில் நிற்கும் ஒற்றை மரத்துக்கு இந்த வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நல்ல துணை மரம் இருந்தாலும் ஆயிரம் பூவுக்கு ஒரு காய் நின்றாலே இந்த மரத்துக்கு அது நல்ல விளைச்சல்தான். பூ கொட்டுவதைப் பார்த்து மனம் உடையத் தேவையில்லை.

"அந்த ஊர்த் தேனீ" என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. வெண்ணெய்ப்பழத்தின் தாயகமான நடு அமெரிக்காவில் அதன் பூவைத் தேடி வருபவை பெரும்பாலும் கொட்டாத சிறு தேனீக்களும் குளவிகளும் ஈக்களும். அந்த இனங்கள் இங்கே இல்லை. ஆனால் அந்தப் பூ கதவைப் பூட்டிக்கொண்ட பூ கிடையாது. விரிந்து கிடக்கும், தேன் மேலேயே இருக்கும், எந்தச் சிறு பூச்சியும் உட்காரலாம். நம் அடுக்குத் தேனீயும் கொசுத்தேனீயும் நீலப்பச்சையாக மின்னும் ஈக்களும் அந்த வேலையைத் தாராளமாகச் செய்துவிடும். பக்கத்தில் காப்பியோ ஆரஞ்சோ பூத்துவிட்டால் தேனீ அங்கே போய்விடும் என்பது மட்டும் ஒரு குறை. அவற்றின் மணத்துக்கு முன்னால் வெண்ணெய்ப்பழப் பூ எடுபடுவதில்லை.

ஊர் விட்டு ஊர் போகும் எந்தச் செடியும் தன் மண்ணையும் மழையையும் மட்டும் விட்டுவிட்டு வருவதில்லை. மகரந்தம் சுமந்தவரையும், பல நேரங்களில் இணையையும் விட்டுவிட்டு வருகிறது. விதையைக் கப்பலில் ஏற்றியவர்கள் தேனீயை ஏற்றவில்லை. புதிய ஊரில் அந்த வெற்றிடத்தைச் செடி எப்படி நிரப்பிக்கொள்கிறது என்பதைப் பார்த்தால் போதும், அது நம் கையை எதிர்பார்த்து நிற்குமா, நம் கையை மீறிப் போகுமா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். சேர்வராயன் மலை இதற்குத் திறந்து வைத்த பாடப்புத்தகம். இங்கே கண்ணில் படும் மரஞ்செடிகளில் எத்தனை வெளியூரிலிருந்து வந்தவை என்று ஒரு நாள் நடந்தபடி எண்ணிப் பாருங்கள்.

காப்பியிலிருந்தே தொடங்குகிறேன். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் ஏற்காட்டில் காப்பியையும் பேரிக்காயையும் ஆப்பிளையும் கொண்டுவந்து நட்டவர். அராபிகா காப்பியின் தாயகம் எத்தியோப்பியக் காடுகள். மாசி, பங்குனியில் முதல் பூமழை பெய்து எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே விடியலில் வெள்ளையாகப் பூப்பதை நீங்கள் ஆண்டுதோறும் பார்க்கிறீர்கள். இரண்டு மூன்று நாள்தான், பிறகு வாடிவிடும். அத்தனை கொஞ்ச நேரத்துக்குள் அத்தனை பூவுக்கும் தேனீ கிடைக்குமா? கிடைக்காவிட்டாலும் அராபிகா கவலைப்படுவதில்லை. பூ திறந்த சில மணி நேரத்துக்குள் அதன் மகரந்தம் அதன் சூல்முடியிலேயே விழுகிறது, ஏற்றுக்கொள்ளப்படுகிறது. பத்தில் ஒன்பது காய்கள் இப்படித் தன்மகரந்தச் சேர்க்கையில் பிறப்பவையே. பாபா புடான் என்ற சூஃபி ஞானி அரேபியாவிலிருந்து ஏழு கொட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு சிக்கமகளூர் மலைக்கு வந்தார் என்று காலங்காலமாகச் சொல்வார்கள். அந்தக் கதை நடக்கக்கூடியது என்பதற்குத் தாவரவியல் ஆதாரமே இந்தத் தன்மைதான். ஏழு தேவையில்லை, ஒரு கொட்டை முளைத்திருந்தாலே ஒரு தோட்டம் உண்டாகியிருக்கும்.

ரோபஸ்டாவை அப்படிக் கொண்டுவந்திருக்க முடியாது. பெயரும் குடும்பமும் ஒன்றாக இருந்தாலும் ரோபஸ்டாச் செடி தன் மகரந்தத்தைத் தானே நிராகரித்துவிடும். மகரந்தம் சூல்முடியில் விழும், ஆனால் கருவுறுதல் நடக்காது. வேறு மரபுள்ள செடியின் மகரந்தம் காற்றிலோ தேனீயின் காலிலோ வந்தாக வேண்டும். ஒரே ஒரு ரோபஸ்டாச் செடியை வீட்டு முற்றத்தில் வைத்து அழகு பார்க்கலாம், காய் பறிக்க முடியாது.

இதை 1955இல் ஹெர்பர்ட் பேக்கர் என்ற தாவரவியலாளர் ஒரு விதியாகவே எழுதினார். கடல் தாண்டித் தொலைதூரம் போய்க் குடியேறும் செடிகளில், துணையில்லாமல் தானே விதை உண்டாக்கக்கூடியவையே அதிகம் நிலைக்கும் என்பது அதன் சாரம். தனியாகப் போய் இறங்கிய ஒரே ஒரு செடியால் ஒரு கூட்டத்தை உண்டாக்க முடிய வேண்டும் அல்லவா? எளிமையான கருத்து. ஆனால் களைகளைப் பற்றிய பாதிப் புதிர் இதில் அவிழ்ந்துவிடுகிறது.

தன்மகரந்தச் சேர்க்கை போதும் என்றால் அராபிகாவுக்குத் தேனீ வேண்டாமா என்று தோட்டக்காரர்கள் கேட்பதுண்டு. வேண்டும். பனாமாவில் நடந்த ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. தேனீ வரமுடியாமல் வலைபோட்டு மூடிய கிளைகளைவிடத் திறந்த கிளைகளில் விளைச்சல் பாதிக்கு மேல் கூடியது. அங்கே அந்த வேலையைச் செய்தது அமெரிக்காவுக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த ஆப்பிரிக்கத் தேனீ. காப்பியும் ஆப்பிரிக்கா, தேனீயும் ஆப்பிரிக்கா, இரண்டும் சந்தித்துக்கொண்டது மூன்றாவது கண்டத்தில். இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நம் மலையில் அந்த இடத்தை மரக்கிளைகளில் பெரிய அடை கட்டும் மலைத்தேனீயும், பொந்தில் வாழும் அடுக்குத் தேனீயும் நிரப்புகின்றன. நிழல் மரங்களை வெட்டிவிட்டுத் தோட்டத்தை வெட்டவெளியாக்குகிறவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மரம் போனால் அடை போகும்.

துணை இல்லாமல் காய்க்கும் குணத்தைச் செடியே எப்போதும் கொண்டுவருவதில்லை, சில சமயம் மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்துக் கொடுக்கிறான். தலைவாசல் சந்தைக்கு வரும் தக்காளியைப் பாருங்கள். தென்னமெரிக்காவில் அதன் காட்டு உறவினங்களின் பூவில் சூல்முடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இறக்கைத் தசையை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கத் தெரிந்த தேனீ வந்தால்தான் காரியம் நடக்கும். நாம் பயிரிடும் தக்காளியில் சூல்முடி மகரந்தக் குழலுக்கு உள்ளேயே அடங்கிவிட்டது. காற்று ஆட்டினாலே காய் பிடிக்கும். தேனீ இல்லாத இடத்திலும் காய்த்த செடியின் விதையையே தலைமுறை தலைமுறையாக எடுத்து வைத்ததன் பலன் இது.

இனி சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலிருந்து வந்து, காப்பிக்கு நிழலாகவும் மிளகுக் கொடிக்குக் கொம்பாகவும் நிற்கும் மரம். ஏற்காட்டுத் தோட்டங்களில் இதைப் பார்க்காமல் நூறு அடி நடக்க முடியாது. இதன் பூ நுட்பமானது. மொட்டுக்குள் இருக்கும்போதே மகரந்தம் அந்தப் பூவின் சூல்தண்டு நுனியில் பூசப்பட்டுவிடுகிறது. பூ விரியும்போது வளைந்திருந்த சூல்தண்டு நிமிர்ந்து, தட்டில் வைத்து நீட்டுவதுபோலத் தன் மகரந்தத்தை வெளியே நீட்டுகிறது. தேன் குடிக்க வருபவரின் நெற்றியில் அது ஒட்டிக்கொள்ளும். அந்த மகரந்தம் போன பிறகுதான் அதே நுனியில் சூல்முடி பக்குவமாகும். தன் மகரந்தத்தைப் பெரும்பாலும் அது ஏற்பதும் இல்லை. ஆஸ்திரேலியாவில் இந்தத் தேனைக் குடிப்பவை தேனுண்ணிப் பறவைகள். அந்தக் குடும்பத்தின் ஒரு பறவைகூட இந்தியாவில் கிடையாது. ஆனால் பூக்கும் காலத்தில் ஒரு சில்வர் ஓக்கின் கீழே காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். தேன்சிட்டும் வெள்ளைக்கண்ணிக் குருவியும் நெற்றியில் மஞ்சள் தூள் பூசிக்கொண்டு கிளைக்குக் கிளை தாவும். வேறு கண்டத்துப் பறவைக்காக வடிவமைந்த பூவுக்கு, அதே அளவு அலகும் அதே இனிப்பு ஆசையும் உள்ள நம் ஊர்ப் பறவை பொருந்திவிட்டது. உறவு தேவைப்படவில்லை, அளவு ஒத்துப்போனதே போதுமாக இருந்தது.

இந்த அளவுப் பொருத்தம் முக்கியம். வேலியில் பேஷன் ஃப்ரூட் கொடி வைத்திருப்பவர்கள் கவனித்திருக்கலாம். அதன் பூவில் சூல்முடிகள் மகரந்தப் பைகளைவிட உயரத்தில் இருக்கின்றன. சின்னத் தேனீ கீழே புகுந்து மகரந்தத்தை அள்ளிக்கொண்டு மேலே தொடாமலேயே போய்விடும். அது திருட்டு, சேர்க்கை இல்லை. விட்டத்தைத் துளைத்து வீடு கட்டும் பெரிய கருவண்டு இருக்கிறதே, நாம் விரட்டியடிக்கும் அந்தத் தச்சுத்தேனீதான் முதுகை உரசிச் சரியாக வேலை செய்யும் உயரம் உள்ளது. ஊதா நிறப் பழம் தன் மகரந்தத்தையே ஏற்கும், மஞ்சள் பழத்துக்கு வேறு கொடி வேண்டும். இரண்டுக்குமே அந்தக் கருவண்டு வேண்டும். பழைய காய்ந்த மரக்கட்டை ஒன்றைத் தோட்டத்து ஓரத்தில் போட்டு வையுங்கள், அது வந்து குடியேறும்.

பொருத்தமே கிடைக்காமல் போன செடியும் உண்டு. வனிலா. மெக்சிகோவிலிருந்து ஐரோப்பியர்கள் கொடியைக் கொண்டுபோய் உலகமெங்கும் நட்டார்கள். கொடி வளர்ந்தது, பூத்தது, முந்நூறு ஆண்டு காய்க்கவே இல்லை. வனிலா ஓர் ஆர்க்கிட். அதன் மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவே மெல்லிய சதைத் திரை ஒன்று தொங்குகிறது. அதைத் தள்ளிவிட்டு உள்ளே போகத் தெரிந்த தேனீ அதன் சொந்த மண்ணில் மட்டுமே வாழ்கிறது. பூவும் ஒரு நாள் காலை மட்டுமே திறந்திருக்கும். 1836இல் பெல்ஜியத்தில் சார்ல்ஸ் மோரன் என்பவர் கையால் மகரந்தம் சேர்த்துக் காட்டினார். ஆனால் தோட்டத்தில் செய்யக்கூடிய எளிய வழியை 1841இல் கண்டுபிடித்தவன் ரீயூனியன் தீவில் அடிமையாக இருந்த 12 வயதுச் சிறுவன், எட்மண்ட் அல்பியஸ். ஒரு சிறு குச்சியால் திரையைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தைச் சூல்முடியில் அழுத்திவிட வேண்டும், அவ்வளவே. இன்று நாம் முகரும் ஒவ்வொரு வனிலாக் காயும் யாரோ ஒருவருடைய கட்டைவிரலில் பிறந்தது. அந்தச் சிறுவன் பெரியவனாகி, விடுதலை பெற்று, வறுமையிலேயே இறந்தான் என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

2000ஆம் ஆண்டு மடகாஸ்கரைப் புயல் தாக்கி வனிலா விலை உச்சத்துக்குப் போன பிறகு தென்னிந்திய மலைகள் எங்கும் வனிலா மோகம் பிடித்தது. எங்கள் குடும்பத் தோட்டத்திலும் கொஞ்சம் நட்டோம். பூக்கும் நாட்களில் விடியற்காலையிலேயே வேலை தொடங்கிவிடும். கொட்டச்சேட்டிலிருந்து வந்த மலையாளிப் பழங்குடிப் பெண்கள் இருவர் எலுமிச்சை முள்ளை வைத்துக்கொண்டு பூ பூவாகத் தொட்டுப் போவார்கள். நான் பத்துப் பூ முடிப்பதற்குள் அவர்கள் ஒரு வரிசையை முடித்திருப்பார்கள். "சாமி, இந்தப் பூவுக்குக் கண்ணாலம் பண்ணி வைக்கிற வேலை எங்களுக்கு வந்துடுச்சு" என்று அவர்களில் மூத்தவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. சில ஆண்டுகளில் விலை விழுந்தது, கை ஓய்ந்தது. அதோடு காயும் நின்றது. கொடி இன்றும் மரத்தில் படர்ந்து கிடக்கிறது, பூக்கிறது, யாரும் தொடுவதில்லை. வனிலா ஒருநாளும் களையாகாது.

தேவையான பூச்சியையே இறக்குமதி செய்த கதையும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்க எண்ணெய்ப்பனையை மலேசியாவில் நட்டவர்கள் பல ஆண்டுகள் கையாலேயே மகரந்தம் தூவினார்கள். 1981இல் காமரூனிலிருந்து ஒரு கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டதும் அந்தக் கூலிவேலையே தேவைப்படாமல் போனது. நான்கு ஆண்டுகளில் அது கேரளத்துக்கும் வந்தது. அந்த வண்டு ஆண் பூங்கொத்தில் மட்டும் இனப்பெருக்கம் செய்கிறது, வேறு செடியை அண்டுவதில்லை என்று முதலில் சோதித்து உறுதிசெய்த பிறகே விட்டார்கள். இந்த எச்சரிக்கை இல்லாமல் பூச்சியை ஊர் மாற்றுவது நெருப்போடு விளையாடுவது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உண்ணிச்செடி வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாகத்தான் கொண்டுவரப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரத் தோட்டத்துக்கு வந்தது என்பது பதிவு. அதன் பூங்கொத்தை உற்றுப் பாருங்கள். நடுவில் மஞ்சள், ஓரத்தில் ஆரஞ்சு, சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு. இரண்டு நிறப் பூக்கள் இல்லை அவை, ஒரே பூவின் இரண்டு வயது. புதிதாகத் திறந்த பூ மஞ்சளாக, தேனோடு இருக்கும். வேலை முடிந்த பூ நிறம் மாறி, ஆனால் உதிராமல், கொத்தைப் பெரிதாகக் காட்டிக்கொண்டு நிற்கும். தூரத்தில் பறக்கும் வண்ணத்துப்பூச்சிக்கு மொத்தக் கொத்தும் விளம்பரம், அருகில் வந்ததும் எங்கே தேன் இருக்கிறது என்று மஞ்சள் வழிகாட்டும். வந்த பூச்சியின் நேரம் வீணாவதில்லை, செடியின் தேனும் வீணாவதில்லை. பூக்குழலுக்குள் நாக்கு நீட்டத் தெரிந்த எந்த வண்ணத்துப்பூச்சியும் இதற்குப் போதும். அவை வராத இடத்தில், பூவுக்குள்ளேயே குடியிருக்கும் இலைப்பேன்கள் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. குறிப்பிட்ட ஒருவரை நம்பி அது இல்லை.

மகரந்தத்தோடு கதை முடியவில்லை. காய் கருப்பாகப் பழுத்ததும் சின்னான் குருவி தின்கிறது, கொட்டையை வேறொரு புதரின் கீழே எச்சமாகப் போடுகிறது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கிறது. தண்டு மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விடுகிறது. வாயில் வைக்க முடியாத நாற்றமும் நஞ்சும் இருப்பதால் மாடு தொடுவதில்லை. பூச்சியிலும் பறவையிலும் யார் கிடைத்தாலும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும் செடி இது. வெண்ணெய்ப்பழமும் அமெரிக்கா, உண்ணிச்செடியும் அமெரிக்கா என்பது உண்மைதான். ஆனால் வெண்ணெய்ப்பழத்தின் பெரிய கொட்டையை விழுங்கி எடுத்துப் போகும் விலங்கு இந்த மலையில் ஒன்றுமில்லை. உங்கள் தாத்தா இல்லையென்றால் அந்த மரம் அங்கே முளைத்தே இருக்காது.

இதைவிடத் துணிந்தவையும் உண்டு. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சாலையோரத்தை மூடிக் கிடக்கும், மெக்சிகோவிலிருந்து வந்த வெள்ளைப்பூ களை ஒன்றில் குரோமோசோம்கள் மூன்று தொகுதிகளாக இருக்கின்றன. சரிசமமாகப் பிரிய முடியாததால் அதற்கு ஒழுங்கான மகரந்தமே கிடையாது. ஆனாலும் ஆயிரக்கணக்கில் விதை உண்டாக்குகிறது, கருவுறாமலேயே. ஒவ்வொரு விதையும் தாயின் நகல். சேலத்து ஏரிகளில் மிதக்கும் ஆகாயத்தாமரைக்குப் பூ ஊதாவாக அழகாக இருந்தாலும், அது பெருகுவது பெரும்பாலும் பக்கத்தில் விடும் ஓடுதண்டால். தேனீ வந்ததா இல்லையா என்று அது கேட்பதே இல்லை.

நகல்களால் பெருகுவதற்கு ஒரு விலை உண்டு. அதைச் சேலம் மாவட்டத்து விவசாயிகள் அண்மையில் கண்கூடாகப் பார்த்தார்கள். நம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, தென்னமெரிக்கச் செடி. அதன் ஒரே கொத்தில் பெண் பூ முதலில் மலர்ந்து, ஒரு வாரமோ அதற்கு மேலோ கழித்தே ஆண் பூ மலரும். ஆனால் ஆத்தூரிலும் வாழப்பாடியிலும் பயிரிடும் யாரும் அதன் விதையைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் கிழங்கெல்லாம் குச்சியை வெட்டி நட்டு வந்தது. ஒரு ரகம் என்றால் ஆயிரம் ஏக்கரிலும் ஒரே செடிதான், துண்டு துண்டாக நிற்கிறது. 2020இல் கேரளத்தில் முதலில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி தமிழ்நாட்டுக்குள் வந்தபோது, ஒரு செடியை அழிக்க முடிந்தால் எல்லாவற்றையும் அழிக்க முடிந்தது. அந்தப் பூச்சியும் ஆண் துணையின்றிப் பெண்ணாகவே பெருகும் இனம். துணையின்றி வாழும் செடியைத் துணையின்றிப் பெருகும் பூச்சி தேடி வந்துவிட்டது. இறுதியில் அதன் தாயகத்து எதிரியான ஒரு மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியை மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, தனிமையில் வைத்துச் சோதித்து, 2022இல் நம் வயல்களில் விட்டார்கள். ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் மரவள்ளிப் பூக்களைக் கையால் இணைசேர்த்துப் புதிய ரகம் தேடும் வேலையை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான். விவசாயி விதையை மறந்துவிடலாம், யாராவது ஒருவர் பூவை மறக்காமல் இருக்க வேண்டும்.

சரி, உங்கள் மரத்துக்கு வருவோம். அடுத்த மாசியில் பூத்ததும் வெயில் அடிக்கும் இரண்டு நாட்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். மூடுபனி நாள் வேண்டாம், கடிகாரம் பொய் சொல்லும். காலை பத்து மணிக்கு ஒரு கொத்தைப் பாருங்கள். தாள்கள் படுத்துக் கிடந்து நடுவில் வெள்ளை நுனி தெரிந்தால் மரம் ஏ வகை. தாள்கள் நிமிர்ந்து, விரலால் தொட்டால் மஞ்சள் தூள் ஒட்டினால் பி வகை. மாலை மூன்று மணிக்கு மறுபடி பாருங்கள், காலைக்கு நேர்மாறாக இருக்க வேண்டும். ஒரு கொத்துக்குச் சிவப்பு நூல் கட்டி வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

வகை தெரிந்தபின் மறு வகையைத் தேடுங்கள். புதிய கன்று வாங்கி நடலாம், ஒட்டுக்கன்று என்றால் மூன்று நான்கு ஆண்டில் பூக்கும். மரம் ஏ வகையாக இருந்தால் பியூர்ட்டே போன்ற பி வகை ஒட்டுக்கன்றைக் கேட்டு வாங்குங்கள். கொட்டை போட்ட கன்றாக வாங்காதீர்கள், அது எந்த வகையில் முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைவிட விரைவான வழி, நன்றாகக் காய்க்கும் மறு வகை மரத்திலிருந்து ஒட்டுக்குச்சி எடுத்து, உங்கள் மரத்தின் ஒரு கிளையிலேயே ஒட்டுக் கட்டுவது. ஒரே மரத்தில் இரண்டு கடிகாரம் ஓடும். வாழவந்திப் பக்கம் எங்கள் மரத்தில் அப்படிச் செய்துதான் காயைப் பார்த்தோம். ஒட்டிய கிளை முதல் முறை பூத்த ஆண்டிலேயே பழைய கிளைகளில் காய் நின்றது.

தேனீப் பெட்டி வைக்க விரும்பினால் நம் அடுக்குத் தேனீயையே வையுங்கள். வெளியூரிலிருந்து கூட்டங்களை வாங்கி வரும்போது நோயும் கூடவே வரும். 1991-92இல் தென்னிந்தியா முழுக்க நம் அடுக்குத் தேனீக் கூட்டங்களை அடியோடு வாரிக்கொண்டு போனது, புழுக்களைத் தாக்கும் அப்படி ஒரு வைரஸ் நோய்தான். பக்கத்து மலைக் கிராமத்திலேயே பிடித்த கூட்டமாகக் கேட்டு வாங்குங்கள். மரம் பூத்திருக்கும் வாரங்களில் காப்பிக்கோ மிளகுக்கோ பூச்சிமருந்து தெளிப்பதாக இருந்தால் தள்ளிப்போடுங்கள். ஈக்களையும் விரட்ட வேண்டாம். மரத்தடியில் கொஞ்சம் சாணமும் மட்கும் இலையும் கிடந்தால் அவை தானாக வரும்.

பார்த்து முடித்ததும் உங்கள் மரம் ஏ வகையா, பி வகையா என்று எனக்கு எழுதுங்கள். எங்கள் தோட்டத்தில் இரண்டும் இருக்கின்றன. தேவையான ஒட்டுக்குச்சியை ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன், வந்து வாங்கிப் போகலாம்.